தண்டவாளமும் நாற்காலியும் – 9: ஒரு கையெழுத்து, ஒரு ராஜினாமா

சென்ற வாரம் பொன்மலையில் நிறுத்தியிருந்தோம். 1946 செப்டம்பர் 5. வேலைநிறுத்தத்தில் இருந்த ரயில்வே பணிமனைத் தொழிலாளர்கள்மீது போலீஸ் சுட்டது. ஐந்து பேர் செத்தார்கள். பிரகாசம் தலைமையில் இருந்த சென்னை மாகாண மந்திரிசபையில் அன்று தொழிலாளர் துறை யார் கையில் இருந்தது என்று கேட்டு முடித்திருந்தேன்.

வி.வி.கிரி கையில்.

1924-ல் பிறந்த அகில இந்திய ரயில்வேத் தொழிலாளர் சம்மேளனத்தை நிறுவியவர்களில் ஒருவர். 1927-ல் கரக்பூர் பணிமனையில் ஆட்குறைப்பு வந்தபோது பெங்கால்–நாக்பூர் ரயில்வே தொழிலாளர்களின் பக்கம் நின்று போராட்டத்தை நடத்தியவர். அதே கிரி. போலீஸ் இலாகா அவருடையதல்ல. சுடச் சொன்னதும் அவரல்ல. ஆனால் ரயில்வே தொழிலாளி சுடப்பட்ட நாளில் தொழிலாளர் மந்திரி நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர் அவர்தான். இந்தத் தொடரில் இந்த மாதிரி ஒரு காட்சி இன்னொரு முறையும் வரும். அதற்கு முன், அவர் நாட்டின் மிக உயர்ந்த நாற்காலிக்கு எப்படிப் போய்ச் சேர்ந்தார் என்பதைப் பார்த்துவிட வேண்டும்.

இடையில் ஒரு கேள்விக்குப் பதில் சொல்லிவிடுகிறேன். பம்பாய் குர்லாவில் ரயில்வே கார் ஷெட்டில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற வாசகர் ஒருவர், திருநெல்வேலிக்காரர், கேட்டார்: “ஏன் அண்ணாச்சி, இந்த கிரி எந்த ஷெட்டுல வேலை பார்த்தாரு? ஃபிட்டரா, கலாசியா?”

எந்த ஷெட்டிலும் இல்லை. கிரி ஒருநாளும் ரயில்வே சம்பளம் வாங்கியவரல்ல. டப்ளினில் சட்டம் படித்த வக்கீல். 1916 ஈஸ்டர் எழுச்சிக்குப் பிறகு ஐரிஷ் புரட்சிக்காரர்களோடு பழக்கம் என்று அங்கிருந்து வெளியேற்றப்பட்டு, சொந்த ஊரான பெர்காம்பூருக்கு வந்து சேர்ந்தவர். அன்றைக்கு ரயில்வே சங்கங்களுக்கு இப்படிப்பட்ட வெளியாள் தேவைப்பட்டார். உள்ளே வேலை பார்ப்பவன் முன்னால் வந்து நின்றால் மறுநாளே சீட்டுக் கிழியும். வக்கீலுக்குக் கிழிக்கச் சீட்டே கிடையாது. 1926 தொழிற்சங்கச் சட்டமே, நிர்வாகிகளில் பாதிப் பேர் வரை வெளியாட்களாக இருக்கலாம் என்று இடம் கொடுத்தது. கிரி அந்த இடத்தில் வந்தவர். தொழிலாளி அவரை நம்பினான், அவர் தொழிலாளியை வைத்து வளர்ந்தார். இரண்டும் உண்மை.

●

ஏறியதும் இறங்கியதும்

பொன்மலைக்குப் பிந்தைய இருபது வருடத்தை வேகமாகக் கடந்துவிடலாம்.

1947 முதல் 1951 வரை இலங்கையில் இந்திய ஹைகமிஷனர். 1952-ல் நாடாளுமன்றம், நேருவின் மந்திரிசபையில் தொழிலாளர் மந்திரி. 1954-ல் ராஜினாமா.

அந்த ராஜினாமாவை மட்டும் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். வங்கி ஊழியர்களின் சம்பளத் தகராறில் தொழிலாளர் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் ஒரு முடிவு சொல்லியிருந்தது. முதலாளிகளான வங்கிகள் முனகின. சர்க்கார் அந்தத் தீர்ப்பை ஊழியர்களுக்குப் பாதகமாகத் திருத்தியது. தொழிலாளர் மந்திரியின் பேச்சு எடுபடவில்லை. “அப்படியானால் எனக்கு இங்கே வேலையில்லை” என்கிற தோரணையில் கிரி வெளியே வந்தார். மந்திரி பதவியைக் கொள்கைக்காக விட்டவர்கள் பட்டியல் அன்றைக்கும் நீளமானதல்ல. அந்தப் பட்டியலில் அவர் பெயர் உண்டு. வங்கிகள் என்ற சொல்லை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பதினைந்து வருடம் கழித்துத் திரும்ப வரும்.

1957-ல் பார்வதிபுரம் தொகுதியில் தோற்றார். அது இரட்டை உறுப்பினர் தொகுதி. ஒரு இடம் பழங்குடியினருக்கு ஒதுக்கப்பட்டது, மற்றது பொது. மக்கள் இரண்டுக்குமே பழங்குடி வேட்பாளர்களைத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள். பழங்குடியினருக்கென்று மனுப் போட்டவர் பொது இடத்தில் ஜெயிக்க முடியாது என்று கிரி தரப்பு வழக்காடியது. உச்ச நீதிமன்றம் வரை போய் 1959-ல் தோற்றது. தொழிலாளர் தலைவரின் வாழ்க்கையில் எனக்கு உவப்பில்லாத பக்கம் இதுதான். ஜெயித்தவர் ஒரு ஏழைச் சமூகத்துக்காரர்; அவர் வாங்கிய ஓட்டு அதிகம். அதைச் சட்ட நுணுக்கத்தால் தட்டிப் பறிக்கப் பார்த்தது கரக்பூர் கிரிக்குப் பொருந்துகிற வேலையல்ல.

பிறகு கவர்னர் உத்தியோகம். உத்தரப் பிரதேசம், கேரளம், மைசூர். 1967-ல் துணை ஜனாதிபதி. எழுபதைத் தாண்டிய மனிதருக்கு இதற்குமேல் என்ன என்று பலர் நினைத்திருப்பார்கள். அவர் அப்படி நினைக்கவில்லை.

●

1969 மே 3

ஜனாதிபதி ஜாகிர் உசேன் பதவியில் இருக்கும்போதே இறந்துபோனார். இந்தியாவில் அதுவரை நடக்காதது. துணை ஜனாதிபதி கிரி, தற்காலிக ஜனாதிபதியானார்.

முன்மாதிரி கிரியின் பக்கம் இருந்தது. ராதாகிருஷ்ணன் துணை ஜனாதிபதியாக இருந்து ஜனாதிபதி ஆனவர். ஜாகிர் உசேனும் அப்படியே. வரிசைப்படி அடுத்தது தான்தானே என்று கிரி எண்ணியதில் பிழை காண முடியாது.

ஆனால் காங்கிரஸுக்குள் அப்போது வீடு இரண்டுபட்டிருந்தது. ஒரு பக்கம் இந்திரா காந்தி. மறுபக்கம் பத்திரிகைகள் ‘சிண்டிகேட்’ என்று அழைத்த மூத்தவர்கள்: கட்சித் தலைவர் நிஜலிங்கப்பா, காமராஜ், நம்ம பம்பாயின் எஸ்.கே.பாட்டீல், வங்காளத்தின் அதுல்ய கோஷ். ஜனாதிபதி யார் என்பது, அடுத்து பிரதமரை யார் ஆட்டிவைப்பது என்ற கேள்வியாகிவிட்டது.

ஜூலையில் பெங்களூரில் கட்சிக் கூட்டம். 12-ம் தேதி நாடாளுமன்றக் குழு கூடியது. இந்திரா சொன்ன பெயர் ஜகஜீவன் ராம். சிண்டிகேட் சொன்ன பெயர் மக்களவைத் தலைவர் நீலம் சஞ்சீவ ரெட்டி. ஓட்டுக்கு விட்டார்கள். நான்குக்கு இரண்டு. ரெட்டி ஜெயித்தார். காமராஜும் பாட்டீலும் நிதி மந்திரி மொரார்ஜி தேசாயும் மட்டுமல்ல, இந்திராவின் பக்கம் வருவார் என்று எதிர்பார்க்கப்பட்ட ஒய்.பி.சவாணும் ரெட்டிக்கே கை தூக்கினார்.

எஸ்.கே.பாட்டீலைப் பற்றி ஒரு வார்த்தை. ஒருகாலத்தில் பம்பாயின் முடிசூடா மன்னர். 1967-ல் ரயில்வே மந்திரியாக இருந்துகொண்டே தென் பம்பாயில் நின்றார், ஜார்ஜ் ஃபெர்னாண்டஸ் என்ற தொழிற்சங்கக்காரரிடம் தோற்றார். ஜகஜீவன் ராமும் முன்னாள் ரயில்வே மந்திரிதான். ஆக அந்தக் குழுவுக்குள் ரயில்வேயை ஆண்டவர்கள் இருந்தார்கள். ரயில்வே தொழிலாளர்களைத் திரட்டியவரின் பெயர் எடுபடவே இல்லை.

மறுநாள், ஜூலை 13, கிரி அறிவித்தார்: சுயேச்சையாக நிற்கிறேன்.

எந்தக் கட்சியும் அப்போது அவரை நிறுத்தவில்லை. வாழ்நாள் காங்கிரஸ்காரர், காங்கிரஸின் அதிகாரபூர்வ வேட்பாளரை எதிர்த்து, ஜனாதிபதி மாளிகையிலிருந்தே தனியாக இறங்கினார். இது மனத்தாங்கலா, தொழிற்சங்கக்காரரின் பேரம் பேசும் நிதானமா, இந்திராவின் பக்கத்திலிருந்து வந்த சாடையா என்று இன்றுவரை விவாதம் உண்டு. என் கணக்கில் முதலாவதுதான் பெரிய பங்கு. தன்னைக் கேட்காமலே தன்னைக் கழித்துவிட்டார்கள் என்ற கோபம் கிரிக்கு 1954-லும் வந்திருக்கிறது.

●

இரண்டு நாள்

இனி மெதுவாகப் போக வேண்டிய இடம்.

ஜூலை 16. மொரார்ஜி தேசாயிடமிருந்து நிதி இலாகாவை இந்திரா எடுத்துக்கொண்டார். மொரார்ஜி மந்திரிசபையை விட்டே போனார்.

ஜூலை 19, சனிக்கிழமை. 50 கோடி ரூபாய்க்கு மேல் டெபாசிட் வைத்திருந்த 14 தனியார் வங்கிகளை அரசுடைமையாக்கும் அவசரச் சட்டம் தயாரானது. நாடாளுமன்றம் ஜூலை 21, திங்கட்கிழமை கூடவிருந்தது. இரண்டே நாள் பொறுத்திருந்தால் மசோதாவாகவே கொண்டுவந்திருக்கலாம். இந்திரா பொறுக்கவில்லை.

ஏன்? அவசரச் சட்டத்துக்கு ஜனாதிபதியின் கையெழுத்து வேண்டும். தற்காலிக ஜனாதிபதி கிரி. அவரோ தேர்தலில் நிற்பதற்காகப் பதவி விலகப்போகிறவர். அவர் போனபின் அந்த இடத்துக்கு வருபவர் கேள்வி கேட்கலாம். பேனா இன்னும் கிரியின் கையில் இருந்தது. அதற்குள் வேலை முடிய வேண்டும்.

கிரி கையெழுத்துப் போட்டார்.

வங்கி ஊழியர்களுக்கு வந்த தீர்ப்பைச் சர்க்கார் குறைத்தது என்று 1954-ல் மந்திரி பதவியை விட்டவர், அந்த வங்கிகளையே சர்க்காரின் கைக்கு மாற்றும் தாளில் 1969-ல் ஒப்பமிட்டார். அன்று இரவு வானொலியில் பிரதமர் பேசினார். இந்தச் சட்டத்தை 1970 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் செல்லாது என்றதும், அரசு புதிய சட்டம் கொண்டுவந்ததும் வேறு கதை.

மறுநாள், ஜூலை 20, கிரி ராஜினாமா செய்தார்.

இதிலும் ஒரு வேடிக்கை. துணை ஜனாதிபதி தன் ராஜினாமாவை ஜனாதிபதிக்கு எழுதித்தர வேண்டும் என்கிறது அரசியல் சட்டம். ஜனாதிபதி இறந்துவிட்டார், அந்த வேலையைப் பார்ப்பவரே துணை ஜனாதிபதி. அப்படியானால் கடிதம் யாருக்கு? இரண்டு பதவியும் காலியானால் யார் பார்ப்பது என்பதற்காவது வழி இருந்தது. உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதி பார்க்கலாம் என்று அந்த மே மாதத்தில்தான் ஒரு சட்டம் போட்டிருந்தார்கள். அதன்படி நீதிபதி இதயதுல்லா ஜனாதிபதி மாளிகைக்கு வந்தார். சந்திரனில் மனிதன் இறங்கியதும் இந்திய நேரப்படி அன்று நள்ளிரவுக்குப் பின்தான். அந்த வாரம் பத்திரிகைக்காரர்களுக்குத் தலைப்புச் செய்திக்குப் பஞ்சமே இருந்திருக்காது.

எழுபத்தைந்தை எட்டப்போகும் ஒருவர் கையில் இருந்த இரண்டு பதவியையும் விட்டுவிட்டு வெறுங்கையோடு தெருவுக்கு வந்தார். இதைத் தைரியம் என்பதா, கையெழுத்துக்குக் கைம்மாறு உறுதியான கணக்கு என்பதா? அந்தத் தேதியில் உறுதி எதுவும் இல்லை. சஞ்சீவ ரெட்டியின் வேட்புமனுவை முன்மொழிந்தவரே இந்திரா காந்திதான்.

●

மனச்சாட்சி

கட்சி வேட்பாளரை முன்மொழிந்த பிரதமர், ஒரு மாதத்தில் அவரைக் கைவிட்டார். வழி செய்து கொடுத்தவர் நிஜலிங்கப்பா.

களத்தில் மூன்றாவதாக சி.டி.தேஷ்முக் இருந்தார். சுதந்திராக் கட்சியும் ஜனசங்கமும் நிறுத்திய வேட்பாளர். ரிசர்வ் வங்கியின் முதல் இந்திய கவர்னர். பம்பாய் மகாராஷ்டிரத்துக்குக் கிடைக்காது என்ற நிலை வந்தபோது 1956-ல் மத்திய நிதி மந்திரி பதவியைத் தூக்கி எறிந்தவர். குர்லா, தாதர் பக்கத்து மராட்டிக்காரர்களுக்கு அவர்மேல் மரியாதை உண்டு.

தேஷ்முக் ஜெயிக்க மாட்டார் என்பது அவர்களுக்கே தெரியும். ஆனால் அவருக்குப் போடுபவர்களின் இரண்டாவது விருப்ப ஓட்டு யாருக்கு என்பதில்தான் சூட்சுமம் இருந்தது. அதை ரெட்டிக்கு வாங்கித்தர நிஜலிங்கப்பா ஜனசங்க, சுதந்திராத் தலைவர்களைச் சந்தித்தார். இந்திரா தரப்பு பிடித்துக்கொண்டது. காங்கிரஸ் தலைவர் வலதுசாரிகளோடு கைகோத்துவிட்டார். இனி எங்களைக் கட்சிக் கட்டுப்பாடு என்று மிரட்டாதீர்கள். மனச்சாட்சிப்படி ஓட்டுப் போட விடுங்கள். ஜகஜீவன் ராமும் ஃபக்ருதீன் அலி அகமதும் இந்தக் கோரிக்கையைக் கடிதமாகவே எழுதினார்கள். கொறடா உத்தரவு போட இந்திரா மறுத்தார்.

தமிழ்நாட்டில் அப்போது நடந்ததைத் தனியாகச் சொல்ல வேண்டும். காமராஜ் ரெட்டிக்கு. ராஜாஜியின் சுதந்திராக் கட்சி தேஷ்முக்குக்கு. அண்ணா மறைந்து ஆறு மாதமே ஆகியிருந்த நிலையில் முதலமைச்சர் கருணாநிதியின் தி.மு.க. கிரிக்கு. நம் மூன்று பெரிய தலைவர்கள் மூன்று வேட்பாளர்கள் பின்னால். 1937-ல் ராஜாஜி மந்திரிசபையில் தொழிலாளர் மந்திரியாக இருந்தவர் இதே கிரி என்பதையும், 1967 தேர்தலில் ராஜாஜியும் அண்ணாவும் ஒரே அணி என்பதையும் சேர்த்துப் பார்த்தால் அரசியல் எவ்வளவு வேகமாகப் புரண்டிருக்கிறது என்பது புரியும்.

கம்யூனிஸ்டுகள், அகாலிகள், முஸ்லிம் லீக் ஆகியோரும் கிரி பக்கம் வந்தார்கள். ஜார்ஜ் ஃபெர்னாண்டஸ் இருந்த சம்யுக்த சோசலிஸ்ட் கட்சியும் கிரியை ஆதரித்தது. இதையும் நினைவில் வையுங்கள்.

●

எண்ணிக்கை

ஆகஸ்ட் 10-ல் கிரிக்கு 75 நிறைந்தது. 16-ம் தேதி ஓட்டு. 20-ம் தேதி எண்ணிக்கை.

வேட்பாளர்கள் 15 பேர். முன்மொழிய ஒருவர், வழிமொழிய ஒருவர் இருந்தால் யாரும் நிற்கலாம் என்றிருந்த காலம். ஐந்து பேருக்கு ஒரு ஓட்டுகூட விழவில்லை. ஒருவருக்குச் சரியாக 576 கிடைத்தது. கேட்கப் பெரிதாக இருக்கும். ஆனால் அந்தத் தேர்தலில் ஒரு எம்.பி.யின் ஓட்டு மதிப்பே 576. எங்கோ ஒரு எம்.பி. அவருக்கு இரக்கப்பட்டிருக்கலாம்.

சட்டமன்ற உறுப்பினர் ஓட்டுக்கு மதிப்பு மாநிலத்துக்கு மாநிலம் மாறும். மக்கள்தொகையை உறுப்பினர் எண்ணிக்கையால் வகுத்து, வருவதை ஆயிரத்தால் வகுக்க வேண்டும். 1961 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டு மக்கள்தொகை 3 கோடியே 37 லட்சம், உறுப்பினர் 234. ஆக ஓட்டு ஒன்றுக்கு 144. நம்ம ஊர் எம்.எல்.ஏ. நான்கு பேர் சேர்ந்தால் ஒரு எம்.பி.

வாக்குச் சீட்டில் முத்திரை குத்துவதில்லை. பெயருக்கு எதிரே 1, 2, 3 என்று எண் எழுத வேண்டும். முதலில் 1 போட்ட ஓட்டுகளை எண்ணுவார்கள். யாருக்கும் பாதிக்குமேல் வரவில்லையென்றால் கடைசியில் இருப்பவரைக் கழித்து, அவருடைய சீட்டுகளில் 2 எங்கே இருக்கிறது என்று பார்த்து அந்த வேட்பாளரின் கட்டில் சேர்ப்பார்கள்.

செல்லுபடியான ஓட்டுகளின் மொத்த மதிப்பு 8,36,337. ஜெயிக்கத் தேவை 4,18,169.

முதல் சுற்று: கிரி 4,01,515. ரெட்டி 3,13,548. தேஷ்முக் 1,12,769.

கிரிதான் முன்னால். வித்தியாசம் 88 ஆயிரத்துக்கு அருகில். ஆனால் கோட்டைத் தொட இன்னும் 16,654 குறைகிறது.

சில்லறை வேட்பாளர்களை ஒவ்வொருவராகக் கழித்தார்கள். அவர்கள் எல்லோரும் சேர்ந்து வைத்திருந்ததே 8,505. அதில் கிரிக்கு வேலை ஆகாது. மிஞ்சியது தேஷ்முக்கின் கட்டு.

அந்தக் கட்டைப் பிரித்ததும் நிஜலிங்கப்பாவின் ஏற்பாடு பலித்தது தெரிந்தது. சீட்டுக்குச் சீட்டு 2 என்ற எண் ரெட்டிக்கு நேராகத்தான் இருந்தது. முதல் சுற்றிலிருந்து கடைசிவரை ரெட்டிக்கு ஏறியது 91,879. கிரிக்கு ஏறியது வெறும் 18,562. 88 ஆயிரம் வித்தியாசம் கரைந்து கரைந்து வந்தது.

முடிவு: கிரி 4,20,077. ரெட்டி 4,05,427.

வித்தியாசம் 14,650. கோட்டைத் தாண்டியது 1,908 மதிப்பில், அதாவது நான்கு எம்.பி.க்குக்கூடக் குறைவு.

இங்கே நானே ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். 1967-ல் தி.மு.க. ஜெயித்த மக்களவை இடம் 25. ஓட்டு மதிப்பு 14,400. சட்டமன்ற இடம் 137. மதிப்பு 19,728. இரண்டும் சேர்ந்து 34,128. ரகசிய ஓட்டு என்பதால் யார் யாருக்குப் போட்டார் என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் இதில் கால்பங்கு அந்தப் பக்கம் சாய்ந்திருந்தாலே ரெட்டி ஜனாதிபதி ஆகியிருப்பார். வடக்கே எழுதப்பட்ட புத்தகங்கள் இந்தத் தேர்தலை இந்திராவின் வெற்றி என்றே சொல்லி முடித்துவிடும். கேரளத்தையும் வங்காளத்தையும் ஆண்ட கம்யூனிஸ்டுகளும் சென்னைக் கோட்டையில் 1 என்று எழுதிய கைகளும் இல்லாமல் அந்த வெற்றி இல்லை.

ஆகஸ்ட் 24-ல் கிரி பதவியேற்றார். சுயேச்சையாக நின்று இந்தியாவின் ஜனாதிபதி ஆனவர் அவர் ஒருவரே. அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. சஞ்சீவ ரெட்டி எட்டு வருடம் காத்திருந்து 1977-ல் போட்டியில்லாமல் அதே மாளிகைக்கு வந்தார்.

நவம்பரில் இந்திராவைக் கட்சியை விட்டு நீக்கினார்கள். காங்கிரஸ் இரண்டாக உடைந்தது.

●

கூண்டில் ஜனாதிபதி

தோற்ற தரப்பு விடவில்லை. கிரியின் தேர்தல் செல்லாது என்று உச்ச நீதிமன்றத்தில் மனுக்கள் விழுந்தன. ரெட்டியை ஆபாசமாகத் தாக்கும் பெயரில்லாத துண்டுப் பிரசுரம் ஒன்று எம்.பி.க்களிடையே சுற்றியது என்பது முக்கியக் குற்றச்சாட்டு.

கிரி 1970-ல் தானே நீதிமன்றத்துக்குப் போய் சாட்சி சொன்னார். பதவியில் இருக்கும் ஜனாதிபதி சாட்சி சொல்ல வந்தது அதுவே முதல் முறை. வராமலே இருந்திருக்கலாம். கமிஷன் வைத்து மாளிகையிலேயே வாக்குமூலம் கொடுத்திருக்கலாம். போனது அவருக்குப் பெருமை சேர்த்தது என்றே சொல்வேன். மனுக்கள் தள்ளுபடியாயின.

அதன்பின் நான்கு வருடம் பெரிய சத்தம் ஏதும் இல்லை. இந்திரா அனுப்பிய தாள்களில் கிரி கையெழுத்துப் போட்டார். 1970 செப்டம்பரில் மன்னர் மானிய ஒழிப்புத் திருத்தம் மாநிலங்களவையில் ஒரு ஓட்டுக்கும் குறைவான வித்தியாசத்தில் தோற்றது. உடனே மன்னர்களின் அங்கீகாரத்தையே ரத்து செய்து உத்தரவு போடச் சொன்னார்கள், கிரி போட்டார். டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அதை அடித்துப்போட்டது. அந்த மாதமே மக்களவையைக் கலைக்கச் சொன்னார்கள், கலைத்தார்.

வேட்புமனுவில் சுயேச்சையாக இருந்தவர், மாளிகைக்குள் போனபின் அவ்வளவாக அப்படி இருக்கவில்லை. மந்திரிசபை சொல்வதைக் கேட்பதுதான் ஜனாதிபதியின் வேலை என்று வாதாடலாம். சட்டப்படி அது பெருமளவு சரி. ஆனால் 1954-ல் மந்திரிசபையின் முடிவு பிடிக்காமல் வெளியே நடந்த அந்த மனிதரை அறிந்தவர்களுக்கு ஏமாற்றம் இருக்கத்தான் செய்யும்.

●

இன்னொரு கையெழுத்து

1971 ஜூலை 2. உள்நாட்டுப் பாதுகாப்புப் பராமரிப்புச் சட்டம் அமலுக்கு வந்தது. ‘மிசா’ என்றால் எல்லோருக்கும் தெரியும். விசாரணையின்றி உள்ளே வைக்கலாம். ஜனாதிபதியின் ஒப்புதல் வேண்டிய சட்டம். ஜனாதிபதி கிரி.

மிசா என்றதும் நமக்கு 1975 நெருக்கடி நிலைதான் ஞாபகம் வரும். அதற்கு ஒரு வருடம் முன்னாலேயே அது தண்டவாளத்தின்மீது ஒருமுறை ஓட்டிப் பார்க்கப்பட்டது.

1973-ல் அகில இந்திய ரயில்வேத் தொழிலாளர் சம்மேளனம் புதுத் தலைவரைத் தேர்ந்தெடுத்தது. பம்பாய் டாக்ஸி ஓட்டிகளையும் மாநகராட்சித் தொழிலாளர்களையும் திரட்டிப் பெயர் வாங்கியவர். எஸ்.கே.பாட்டீலைத் தோற்கடித்தவர். ஜார்ஜ் ஃபெர்னாண்டஸ். கிரியைப் போலவே ரயில்வே சம்பளம் வாங்காத வெளியாள். எட்டு மணி நேர வேலை, போனஸ், மற்ற பொதுத்துறை ஊழியர்களுக்கு நிகரான சம்பளம் என்று கோரிக்கை வைத்தார்கள். பேச்சுவார்த்தை நடந்துகொண்டிருக்கும்போதே, 1974 மே 2 அன்று, ஜார்ஜும் மற்றத் தலைவர்களும் கைது செய்யப்பட்டார்கள். மே 8-ல் ரயில்கள் நின்றன. நாடு முழுக்க ஆயிரக்கணக்கானவர்கள் மிசாவிலும் இந்தியப் பாதுகாப்பு விதிகளிலும் உள்ளே போனார்கள். ரயிலை ஓட்டப் பிராந்திய ராணுவம் வந்தது. ரயில்வே குடியிருப்புகளிலிருந்து குடும்பங்கள் வெளியேற்றப்பட்டன.

1925 பிப்ரவரி 3-ல் நாட்டின் முதல் மின்சார ரயில் விக்டோரியா டெர்மினஸில் புறப்பட்டு வந்து சேர்ந்த ஊர் குர்லா. 1974 மேயில் இங்கே கார் ஷெட், பக்கத்தில் மாட்டுங்கா பணிமனை, அதற்கப்பால் பரேல். அங்கெல்லாம் வேலைநிறுத்தத்துக்கு அழைப்பு விடுத்த சம்மேளனத்தை, ஐம்பது வருடத்துக்கு முன் நிறுவியவர்களில் ஒருவர் அந்த நாளில் டெல்லியில் ஜனாதிபதி மாளிகையில் இருந்தார். அவர் பதவிக்காலம் முடிய இன்னும் மூன்றரை மாதம் இருந்தது. 1969 தேர்தலில் அவரை ஆதரித்த கட்சியில் இருந்த ஜார்ஜ் சிறையில் இருந்தார்.

பொன்மலையில் தொழிலாளர் மந்திரி. குர்லாவில் ஜனாதிபதி. இருபது நாள் நீடித்த அந்த வேலைநிறுத்தத்தில் யார் யாரை விட்டுக்கொடுத்தார்கள்? அடுத்த வாரம் மே 8 காலையிலிருந்து தொடங்குவோம்.

அதற்குள் வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். 1974-ல் குர்லா, மாட்டுங்கா, பரேல் ரயில்வே குவார்ட்டர்ஸில் இருந்த குடும்பமா நீங்கள்? அப்பாவின், தாத்தாவின் பெட்டியில் அந்த மாதத்து சஸ்பென்ஷன் கடிதமோ, வீட்டைக் காலி செய்யச் சொன்ன நோட்டீஸோ, சங்கத்தின் துண்டறிக்கையோ இருந்தால் பிரதி எடுத்து இதழின் முகவரிக்கு அனுப்புங்கள். அசலை நீங்களே பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

(தொடரும்)